செம்மண் ஏறிய கால்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் முழங்காலில் வந்துதான் நிற்கிறது. ஒருவருக்கு எலும்பு தேய்ந்துவிட்டது, இன்னொருவருக்குச் சீனி ஏறிவிட்டது. நான் மட்டும் அந்தப் பேச்சில் வாயைத் திறப்பதில்லை. இந்த வயதிலும் கடைத்தெருவிலிருந்து மேட்டில் இருக்கும் வீட்டுக்கு நடந்தே ஏறுகிறேன். "ஒங்களுக்குக் குடுத்து வச்ச காலு" என்று போன வாரம் ஒருத்தி சொன்னாள். கொடுத்து வைத்ததுதான். ஆனால் இதே கால்தான் ஒரு மழைக்காலம் முழுவதும் என்னை அடுப்படி மூலையில் அடைத்து வைத்தது. உங்களில் பாதிப் பேர் லயத்தில் பிறந்தவர்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கால் இருந்திருக்கும், போர்வைக்குள். அதனால்தான் சொல்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் கொத்மலைப் பக்கம். லயம் என்றால் நீளமாக ஒரே தகரக் கூரை, அதன் கீழே வரிசையாகக் காம்பராக்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, பின்னால் புகை பிடித்த ஓர் அடுப்படி, முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒடுங்கலான திண்ணை. அப்பா செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மாவும் அக்காவும் கொழுந்து எடுத்தார்கள். அந்த வருடம்தான் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, புல்லு வெட்ட அரைப் பேருக்கு அனுப்பியிருந்தார்கள். அரைப் பேர் என்றால் சிறுபிள்ளைக்குப் போடும் பாதிச் சம்பளம்.

லயத்தின் கடைசிக் காம்பராவில் பெரியம்மா தனியாக இருந்தாள். அம்மாவுடன் கூடப் பிறந்த அக்காள். அவளுடைய இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே பருத்து, தோல் மரப்பட்டைபோலத் தடித்திருக்கும். விரல்களுக்கு மேலே சிறு சிறு முடிச்சுகள், பாசி பிடித்த கல்லைப்போல. புருசன் எப்போதோ விட்டுப் போய்விட்டான். மலை ஏற முடியாமல் போனதும் தோட்டத்து வேலைக் கணக்கிலிருந்து அவள் பேரையும் வெட்டிவிட்டார்கள். அப்பா போய்க் கெஞ்சியதில் காம்பரா மட்டும் மிஞ்சியது.

லயத்துக்கு ஒரே பீலி. மலையிலிருந்து தகரக் குழாயில் இறங்கி விழும் தண்ணீர். குளிக்க, துவைக்க, குடிக்க எல்லாம் அதுதான். பெரியம்மா அந்தப் பக்கம் வரக் கூடாது என்று லயத்துப் பெண்கள் கட்டளை போட்டிருந்தார்கள். அவள் கால் பட்ட ஈரத்தை மிதித்தால் நமக்கும் வந்துவிடுமாம். அம்மா தினமும் ஒரு குடம் தண்ணீரை அவள் வாசலில் கொண்டுபோய் வைப்பாள். குடிக்கவும் பொங்கவும் அந்த ஒரு குடம். கால் கழுவ அதில் என்ன மிஞ்சியிருக்கும்? இப்போது கேட்கிறேன். அப்போது யாருக்கும் அது கேள்வியாகவே தோன்றவில்லை.

என் காலில் முதலில் வந்தது எரிச்சல். வேலை விட்டு இறங்கி வரும்போது இடது காலின் விரலிடுக்கில் அரிக்கும். பிறகு உள்ளங்கால் முழுவதும் மிளகாய் தேய்த்ததுபோல எரியும். பீலிக் கல்லில் காலை வைத்துக்கொண்டு நிற்பேன். அட்டைக் கடி என்றுதான் நினைத்தேன். மழை நாளில் யார் காலில்தான் அட்டை இல்லை? கணுக்காலிலிருந்து இரத்தம் கோடு கோடாக வழிய, அதன் மேல் செம்மண் காய்ந்து, எல்லோருடைய கால்களும் ஒரே நிறமாகத்தான் இருக்கும்.

கண்டுபிடித்தது அக்கா. எனக்கு ஒரு சோடி வெள்ளிக் கொலுசு இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் இஸ்தோப்பில் உட்கார்ந்து தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று குனிந்தாள்.

"ஏய், இந்தக் கால் கொலுசு மட்டும் ஏன்டி இப்புடி அமுங்கிக் கெடக்கு?"

"அட்ட கடிச்சிருச்சுக்கா."

"அட்ட கடிச்சா இப்புடியா வீங்கும்? காலையில இருக்கா?"

"காலையில வத்திரும். சாயந்தரம் வந்துரும்."

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். மண்டியிட்டு என் புறங்காலில் கட்டைவிரலை அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. அம்மா எழுந்திருக்கவில்லை. அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கக்காளுக்கும் இப்புடித்தான் ஆரம்பிச்சிச்சு" என்றாள்.

அப்பா குறட்டால் கொலுசை வெட்டி எடுத்தார். அந்த வெள்ளித் துண்டுகள் பிறகு எங்கே போயின என்று எனக்குத் தெரியாது.

அக்காவுக்கு அப்போது லிந்துலைப் பக்கத் தோட்டத்தில் ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை ஸ்டோரில், தேயிலை அரைக்கும் இடத்தில், வேலை செய்தார். மழைக்கும் வெயிலுக்கும் மலையில் நிற்கத் தேவையில்லாத வேலை. அப்படிப்பட்ட மாப்பிள்ளை எங்கள் லயத்தில் எந்தப் பெண்ணுக்கும் வாய்த்ததில்லை. அவருடைய அம்மா ஒரு முறை வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். அன்றைக்குப் பெரியம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். அம்மா அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"லிந்துலைக்காரங்க இந்தக் காலப் பாத்தா, ரத்தத்துல ஓடுற நோவுன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க" என்றாள் அம்மா. "பெரியவ வாழ்க்க என்னாவுறது?"

"அப்ப சின்னவ?" என்றார் அப்பா.

"சின்னவளுக்கு அப்புறம் பாப்போம். அதுவரைக்கும் யார் கண்ணுலயும் படாம இருக்கட்டும்." கொஞ்ச நேரம் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு அம்மா சொன்னாள்: "பெரிய மனுசியாகிட்டான்னு சொல்லிருவோம். மூலையில ஒக்காந்திருக்கான்னா எந்த ஆம்பளையும் எட்டிப் பாக்க மாட்டான்."

"பொய்யா சொல்லச் சொல்ற?"

"இன்னைக்குத்தாங்க பொய்யி. எப்புடியும் ஒரு நா ஆகத்தானே போறா."

அக்கா மட்டும், "வேணாம்மா, அவ பாவம்" என்றாள். "நீ சும்மா இரு. ஒனக்காகத்தான் இவ்வளவும்" என்று அம்மா அடக்கிவிட்டாள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை அடுப்படி மூலையில் ஒரு கொழுந்துச் சாக்கைக் கிழித்துத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் என்னை உட்கார வைத்தார்கள்.

அந்த வருடம் ஆனி மாதமே மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுகிற சத்தத்தில் வெளியே யாராவது பேசினால்கூடக் கேட்காது. ஈர விறகின் புகை மேலே போக வழியில்லாமல் சாக்குக்கு உள்ளே வந்து என்னோடு உட்கார்ந்துகொள்ளும். நான் கால் நீட்டினால் சுவர். திரும்பிப் படுத்தால் விறகுக் கட்டு. பின் கதவின் கீழ்ப் பலகை உளுத்து, ஒரு சாண் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. அதன் வழியாகத்தான் எனக்கு வெளிச்சம். அதில் முகம் தெரியாது. மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரமாக நடந்து போகிறவர்களின் பாதம் மட்டும் தெரியும். அந்த மழைக்காலத்தில் நான் பார்த்ததெல்லாம் கால்கள்தான். பித்தவெடிப்பில் மண் அடைத்த கால்கள், நகம் கழன்ற கால்கள், ஈரத்தில் வெளுத்துச் சுருங்கிய கால்கள். கங்காணியின் தோல் சப்பாத்து போனால் அது தனியாகத் தெரியும். எங்களில் ஒருவன் ஒரு தடவை செருப்புப் போட்டுக்கொண்டு, ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு வந்தபோது, "தொரைக்கு முன்னால செருப்பாடா?" என்று கங்காணி கழற்றி வைக்கச் சொன்னார். அவனுக்குப் பிறகு யாரும் போட்டுக்கொண்டு வரவில்லை.

தண்ணீர் பட்டால் வீக்கம் ஏறும் என்று அம்மா உறுதியாக நம்பினாள். விளக்கெண்ணெயில் மஞ்சளும் சாம்பலும் குழைத்துப் பூசி, அதன் மேல் பழஞ்சேலைத் துணியை இறுக்கிச் சுற்றிவிட்டாள். அது நாற்றமெடுத்தாலும் அவிழ்க்கக் கூடாது. உள்ளே ஊறல் எடுக்கும்போது சுவரில் காலைத் தேய்ப்பேன். பார்க்க வந்த பெண்கள் நல்லெண்ணெயும் முட்டையும் உளுந்தங்களியும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு என்னைக் கேலி பேசினார்கள். "வயித்த வலிக்குதாடி?" என்று கேட்டால் அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். வலிக்குது என்று அம்மா தலையசைத்தால் எனக்கு வலித்தது.

அப்பா டிஸ்பென்சரிக்குப் போய், பெரியம்மாவுக்கு என்று சொல்லி வீக்கத்துக்கு மாத்திரை வாங்கி வந்தார். கொசு கடித்து வரும் யானைக்கால் என்று மருந்து ஐயா சொன்னாராம்.

"இந்தக் குளுருல கொசுவ எங்க பாத்தாரு அவரு?" என்றார் அப்பா. ஆனாலும் மாத்திரையைக் கொடுத்தார். எனக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. கால் அப்படியே இருந்தது.

இந்தியாவுக்கே போய்விடலாமா என்றுகூட ஒரு நாள் அப்பா கேட்டார். "எந்த ஊருக்கு, யாரு வீட்டுக்கு?" என்றாள் அம்மா. எங்களுக்கு இந்த நாட்டிலும் பிரஜாவுரிமை இல்லை, அங்கேயும் இல்லை என்று பெரியவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் அது. திரைக்குப் பின்னால் எனக்கு அதெல்லாம் அரைகுறையாகத்தான் கேட்டது. எல்லோருமே எங்கேயோ அடைபட்டிருக்கிறார்கள் என்பது மட்டும் விளங்கியது.

ஒரு மத்தியானம், எல்லோரும் மலையில் இருந்தபோது, அந்தக் கதவிடுக்கில் பெரியம்மாவின் கால்கள் வந்து நின்றன. அவ்வளவு கிட்டத்தில் நான் அவற்றைப் பார்த்ததே இல்லை.

"அம்மாடி" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "எந்தக் காலு?"

யாரும் அவளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் இடைவெளிக்குப் பக்கத்தில் நகர்ந்தேன்.

"எடது காலு பெரியம்மா."

"அரிக்குதா?"

"எரியுது."

"எரியும்" என்றாள். மழை வலுத்தது. அவள் நனைந்துகொண்டே வெகு நேரம் அங்கேயே நின்றிருந்தாள்.

பெரிய மனுசியானால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிச் சடங்கு செய்தால்தான் தீட்டுக் கழியும். மழையைச் சாக்குச் சொல்லி அம்மா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் லிந்துலையிலிருந்தே ஆள் வந்துவிட்டது. சம்பந்தியம்மாவே சடங்குக்கு வருகிறாளாம். அப்படியே கல்யாண நாளையும் பேசி முடித்துவிடலாமாம்.

அன்று காலை இஸ்தோப்பில் சேலைகளைக் கட்டி மறைத்து, நடுவில் பலகை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். லயத்துப் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். இடது காலில் அம்மா புதுத் துணியாகச் சுற்றியிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா உயரமான பெண். வெற்றிலைச் சிவப்பான வாய். முதல் சொம்பைக் கையில் எடுத்தவள் என் காலைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இதென்ன துணி?"

"புல்லு வெட்டையில மம்பட்டி பட்டிருச்சு மதினி" என்றாள் அம்மா.

"தீட்டுத் தண்ணி ஊத்துறப்ப கட்டோடயா ஒக்கார வைப்பாங்க? ஒடம்பு முழுக்க நனையணும். அவுத்து விடுங்க."

அம்மா அசையவில்லை. அந்த அம்மாள் தானே குனிந்தாள். அவள் விரல் முடிச்சில் படுவதை உணர்ந்தேன். அக்கா என் பின்னால் நின்றிருந்தாள். அவள் என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

அப்போது சேலை மறைப்பு விலகியது. பெரியம்மா நின்றிருந்தாள். துவைத்த சேலை கட்டி, தலை வாரி, கையில் ஒரு கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து எடுத்து வந்திருந்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகியிருந்ததால் இரண்டு கால்களும் எல்லோருக்கும் தெரிந்தன.

"மூத்தவ கையால நானும் ஒரு சொம்பு ஊத்துறேன்" என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா முடிச்சை விட்டுவிட்டு வெடுக்கென்று நிமிர்ந்தாள். "யாரு இது?"

அம்மாவின் முகம் சாம்பலாகிப் போனது.

"யாரோ... லயத்துல இருக்கிற ஒருத்தி மதினி. எங்களுக்கு ஒறவில்ல."

அங்கே நின்ற அத்தனை பெண்களுக்கும் அவர்கள் அக்காள் தங்கை என்பது தெரியும். ஒருத்தி வாயிலிருந்துகூட ஒரு சொல் வரவில்லை.

"ஏ, போ அங்கிட்டு!" என்றாள் அம்மா. வாய்க்கு வாய் "வாங்கக்கா, போங்கக்கா" என்று பேசியவள். "நல்ல காரியத்துல வந்து நிக்கிறியே, போ!"

பெரியம்மா அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். மஞ்சள் கிண்ணத்தை இஸ்தோப்பு ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் ஒவ்வொரு காலாக இழுத்துக்கொண்டு கடைசிக் காம்பரா வரை போய்ச் சேருவதற்கு நெடுநேரம் ஆனது. மாப்பிள்ளையின் அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள்.

"சீக்கிரமா ஊத்தி முடிங்க. இங்க நிக்கவே கூசுது" என்றாள்.

ஆளுக்கொரு சொம்பாக அவசர அவசரமாக ஊற்றினார்கள். தலையில் விழுந்த தண்ணீர் முதுகில் வழிந்து, காலில் சுற்றிய துணிக்குள் இறங்கியது. அத்தனை வாரங்களுக்குப் பிறகு அந்தக் காலில் பட்ட முதல் தண்ணீர். அந்தக் குளிர்ச்சி அவ்வளவு சுகமாக இருந்தது. தேம்பித் தேம்பி அழுதேன். பிள்ளைக்கு வெட்கம் என்று பெண்கள் சிரித்தார்கள்.

பெரியம்மா என்னைக் காப்பாற்ற வந்தாளா, அல்லது தங்கை மகளின் சடங்கில் ஒரு சொம்பு ஊற்ற வேண்டும் என்ற ஆசையில் வந்தாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் அம்மா சோறு எடுத்துக்கொண்டு போனாள். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஒறவில்லாத வீட்டுச் சோறு எனக்கெதுக்கு?"

அம்மா கதவில் நெற்றியை வைத்து நின்றாள். பிறகும் தினமும் கொண்டுபோய் வைத்தாள். தண்ணீர்க் குடத்தை மட்டும் பெரியம்மா எடுத்துக்கொண்டாள். சோற்றைத் தொடவே இல்லை. பக்கத்துக் காம்பராக்காரி ஒருத்தி கொடுத்ததைச் சாப்பிட்டாள். அடுத்த பனிக்காலத்தில் தொடையிடுக்கில் நெறி கட்டிக் காய்ச்சல் வந்து இறந்துபோனாள். அப்போது நான் அங்கே இல்லை.

அக்காவின் கல்யாணம் நடந்தது. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு என்னை மலைக்கு அனுப்பப் பார்த்தார்கள். கங்காணி காலைப் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பேர் போட மறுத்துவிட்டார். நுவரெலியாவில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் வீட்டில் பிள்ளை தூக்க ஆள் தேடினார்கள். அப்பா என்னை பஸ்ஸில் கூட்டிப்போய் விட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் திரும்பினார்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. தெருப்பக்கம் போகக் கூடாது. முற்றத்துக்கு மேலே சதுரமாக ஒரு துண்டு வானம். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தேன். நானாவின் மனைவியை ராத்தா என்று கூப்பிடச் சொன்னார்கள். அவர் என் காலைச் சுற்றியிருந்த துணியை ஒரு தடவை பார்த்தார். காரணம் எதுவும் கேட்கவில்லை.

"இந்த நாத்தத்தோட எம்புள்ளயத் தூக்கப் படாது. தொழுகிற வீடு இது. சவுக்காரம் போட்டு நல்லாக் கழுவிட்டு வா புள்ள."

"தண்ணி பட்டா வீங்கிரும்னு அம்மா சொன்னாங்க ராத்தா."

"வீங்கினா வீங்கட்டும். கழுவு."

பயந்துகொண்டே கழுவினேன். முற்றத்துக்குப் போய் வரும் ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டும். சிமெந்துத் தரை நனையக் கூடாது என்று துணியால் விரலிடுக்கு வரை துடைக்க வேண்டும். முற்றத்துக்கென்று மரமிதியடி ஒன்று தந்தார். வெறுங்காலோடு மண்ணில் இறங்கினால் சத்தம் போடுவார். இரவானால் காலைத் தொட்டுப் பார்ப்பேன். இன்று வீங்கும், நாளை வீங்கும் என்று காத்திருந்தேன். வீங்கவில்லை. எரிச்சல் எப்போது நின்றது என்றுகூட நினைவில்லை. அடுத்த தீபாவளிக்கு அப்பா வந்தபோது இரண்டு கால்களும் ஒன்றுபோல இருந்தன.

அம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதால் என்றாள் அம்மா. அந்த மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றாராம் மருந்து ஐயா. ஓதிக் கொடுத்த தண்ணீர் என்றார் ராத்தா. நான் எல்லோரையும் நம்பினேன்.

அந்த வீட்டில்தான் நான் உண்மையாகவே பெரிய மனுசியானேன். ராத்தா ஒரு புதுத் துணி கொடுத்தார். அம்மாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஏற்கெனவே கொண்டாடி முடித்த ஒன்றை எப்படிச் சொல்லி அனுப்புவது?

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பெற்று, வெகு காலம் கழித்து, வேறு ஏதோ வருத்தத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஒரு இளம் டாக்டர் என் இடது கால் விரல்கள் கொஞ்சம் விரிந்து நிற்பதைப் பார்த்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கொசுவால் வருவது ஒன்று, இது வேறு என்றார். சில மலைநாட்டு மண்ணில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள், வருடக்கணக்காக வெறுங்காலில் நடக்கிறவர்களின் தோலுக்குள் ஏறிவிடுமாம். எல்லோருக்கும் வராது, சில குடும்பங்களுக்கு வரும். ஒட்டாது. சப்பாத்துப் போட்டு, சவுக்காரம் போட்டுக் கழுவித் துடைத்து, காலை உயர்த்தி வைத்தால் ஆரம்பத்திலேயே நின்றுவிடும்; முற்றினாலும் கொஞ்சம் வற்றும். ஆஸ்பத்திரி வாசலிலேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏனென்றால் அதற்குள் அக்காவுக்கு வந்துவிட்டிருந்தது. மாப்பிள்ளைக்குத்தான் ஸ்டோர் வேலை. அக்கா லிந்துலையிலும் மலையில்தான் நின்றாள், வெறுங்காலோடு. முதல் பிள்ளைக்குப் பிறகு தொடங்கி, இரண்டாவதுக்குப் பிறகு இரண்டு கால்களும். மாமியார் தான் சாகும் வரை அவளை அடுப்படியில்தான் படுக்க வைத்தாள்.

மறுநாளே சவுக்காரமும் பேசினும் ஒரு சோடிக் கென்வஸ் சப்பாத்தும் வாங்கிக்கொண்டு லிந்துலைக்குப் போனேன். அக்கா மகள் மலைக்குப் போயிருந்தாள். அக்கா காலை நீட்ட மறுத்தாள். பிடித்து இழுத்துத்தான் தண்ணீரில் வைத்தேன்.

"விடுடி. புள்ளையோட அப்பாகூட இதத் தொட்டதில்ல" என்றாள்.

மடிப்பு மடிப்பாக விலக்கிக் கழுவினேன். தண்ணீர் மூன்று தரம் செம்மண்ணாய்ச் சிவந்தது. டாக்டர் சொன்னதையெல்லாம் சொல்லிக்கொண்டே துடைத்தேன். அவள் பேசினில் கலங்கிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள் கடைசியில். "தண்ணியும் சவுக்காரமுமா?"

"சப்பாத்தும்."

அப்போது அக்காவின் மகள் மலையிலிருந்து வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டே வாசலில் கால் வைக்கப் போனாள்.

"அங்கேயே நில்லு!" என்று அக்கா போட்ட சத்தத்தில் பிள்ளை திடுக்கிட்டு நின்றுவிட்டாள். பேசினைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றித் தரச் சொன்னாள் என்னிடம். இரண்டு கைகளையும் ஊன்றி, வாசல் வரை நகர்ந்து போய் உட்கார்ந்து, மகளின் காலைப் பிடித்துத் தண்ணீரில் வைத்தாள்.

"ஐயோ, என்னம்மா இது, என் காலப் போயி நீங்க... விடுங்கம்மா!"

"சும்மா நில்லுடி" என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல். "வெரலுக்கு நடுவுல இன்னும் மண்ணு இருக்கு."